ஒரு சவரன் டியூஷன்

பிரெஞ்சுக்காரன் ஆண்டபோது புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. அவன் கப்பலேறிய பிறகு படித்தவனுக்கு மார்க் கிடைத்தது. இப்போது படிக்கிறவனுக்குக் கனடா கிடைக்கிறது, அல்லது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையாவது கிடைக்கிறது. என் தாத்தா உத்தியோகக் காலத்து மனிதர். நான் மார்க் காலத்தில் டியூஷன் எடுத்துப் பிழைத்தவன். என் மகள் கனடாக் காலத்தில் சென்டர் நடத்துகிறாள். நான் டியூஷன் எடுத்தேன், அவள் சென்டர் நடத்துகிறாள் என்பதைக் கவனிக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 59,000 ரூபாய். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சட்டப்படி பார்த்தால் எங்கள் குடும்பத் தொழிலுக்கு அஸ்திவாரம் பலமானது. 1954 நவம்பர் 1-ல் ஊர் கைமாறியது. 1956-ல் இந்தியாவும் பிரான்ஸும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே இங்கே ஆட்சிமொழியாக இருக்கும் என்று ஒரு ஷரத்து உண்டு. அந்த ஷரத்தை மதித்து ஒரு பிள்ளைகூட என்னிடம் படிக்க வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் பிளஸ் டூ மார்க் ஷீட்டை மதித்து வந்தவர்கள். மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம், தமிழ்த் தாளில் எவ்வளவு முட்டினாலும் அது வராது என்று ஊரில் ஒரு பேச்சு. பாரதிதாசன் பிறந்து, வாத்தியார் வேலை பார்த்து ரிடையரான ஊரில் இப்படி ஒரு பேச்சு. நான் அதை மறுக்கவில்லை. மறுத்தால் அடுப்பு எரியாது.

1985-ல் ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில்தான் டியூஷன் ஆரம்பித்தேன். தமிழர் பகுதியின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்குகிற ஓட்டுத் தாழ்வாரம், அதற்குள்ளே திண்ணை. மழைக்கு ஒதுங்கினவனும் வெயிலுக்கு உட்கார்ந்தவனும் வீட்டுக்காரனைக் கேட்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்காமல் வந்து உட்கார்ந்தவர்களைப் போலவேதான் என் மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். முதலீடு இரண்டு கோரைப்பாய், ஒரு கரும்பலகை, தாத்தா விட்டுப்போன லரூஸ் அகராதி. அகராதியின் முதுகு பிய்ந்து, ஏ முதல் சி வரை தனியாகக் கழன்று வரும். அதை அவசரத்துக்கு விசிறியாகவும் பயன்படுத்தினோம்.

பீஸ் எவ்வளவு என்று நிர்ணயிக்க நான் செலவுக் கணக்கு எதுவும் போடவில்லை. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் 35 ரூபாய் வாங்கினார். கணக்கு உள்ளூர்ச் சரக்கு, பிரெஞ்சு சீமைச் சரக்கு, ஐந்து ரூபாய் கூட வைப்பதில் தப்பில்லை என்று 40 வைத்தேன். அவர் 40 ஆக்கினால் நான் 45. விலைவாசிக் குறியீடு, பணவீக்கம் என்றெல்லாம் பேப்பரில் படித்ததுண்டு. எங்கள் வீதியில் பணவீக்கம் என்பது எதிர்வீட்டு வாத்தியார் மனசு வைப்பது.

நிர்ணயிப்பது சுலபம், வாங்குவதுதான் வித்தை. பீஸ் கேட்பது அந்தக் காலத்து வாத்தியாருக்குக் கௌரவக் குறைச்சல். பிள்ளை நோட்டுக்குள் ரூபாயை மடித்து வைத்துக் கொண்டுவரும். நான் அதைப் பார்க்காத மாதிரி வாங்கி, எண்ணாத மாதிரி சட்டைப்பையில் வைத்து, உள்ளே போய் எண்ணுவேன். வராத வீட்டுக்கு நான் போகமாட்டேன். என் மனைவி போவாள், பீஸ் கேட்க இல்லை, கறிவேப்பிலை கேட்க. கறிவேப்பிலையோடு பீஸும் வரும். எந்த வீட்டில் எப்போது சம்பளம், எந்த வீட்டில் சீட்டுப்பணம் விழுந்திருக்கிறது, எந்த வீட்டில் மாமியார் வந்திருப்பதால் இந்த மாதம் நெருக்கடி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மில் வீடுகளுக்கு அவள் போகமாட்டாள். அது தனிக் கணக்கு. முதலியார்பேட்டைப் பக்கத்திலிருந்து சில பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள், அப்பா ரோடியர் மில்லில். மில் ஓடினால் பீஸ் வரும். மில் நின்றால் “அப்புறம் தர்றோம் மாஸ்டர்” வரும். 1986-ல் அரசாங்கம் அந்த மில்லை எடுத்துக்கொண்டபோது ஊரில் தொழிலாளிகளுக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். அந்த மில்லையும் 2020-ல் இழுத்து மூடிவிட்டார்கள். பாக்கி வைத்த பிள்ளைகளில் ஒருவன் இப்போது பாரிஸ் பக்கத்தில் ரயில்வேயில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் வந்து காலில் விழுந்துவிட்டுப் போகிறான். பாக்கியைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

ரூபாயாக வராதது பொருளாக வந்தது. வைத்திக்குப்பத்துப் பையன் ஒருவனின் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். பீஸுக்குப் பதில் வாரம் ஒருநாள் சங்கராவோ நெத்திலியோ வரும், பரீட்சை நெருங்கினால் வஞ்சிரம். நாங்கள் சைவம் இல்லை என்பதால் அந்தப் பையன் பிரெஞ்சில் தேறினான். சொல்தா வீடுகள் இன்னொரு ரகம். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள். பேரனுக்கு டியூஷன் என்று ஒரு பீஸ். அதோடு பாட்டிக்குத் தூதரகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, பதில் எழுதுவது, பாரத்தைப் பூர்த்தி செய்வது எல்லாம் அந்த 40 ரூபாய்க்குள் அடக்கம். பொங்கலுக்கு ஒரு சோப்பு, ஒரு சாக்லேட் பெட்டி வரும். ஒரு வருஷம் ஒரு பாட்டில் ஒயின் வந்தது. வீட்டில் தொடுகிற ஆள் இல்லாததால் அலமாரியில் கிடந்து, கடைசியில் என் மனைவி அதைக்கொண்டு பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்தாள். போர்தோ என்று லேபிளில் இருந்தது. விளக்கு பளிச்சென்று ஆகிவிட்டது.

ஆக, 40 பிள்ளைகள், தலைக்கு 40 ரூபாய், மாதம் 1,600. அப்போது பத்து கிராம் தங்கம் 2,100-ஐச் சுற்றி இருந்தது. சவரன் 1,700. மாதம் ஒரு சவரனுக்குக் கொஞ்சம் குறைவான வருமானம், செலவு என்று எதுவும் கிடையாது. சாக்பீஸ் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது. “அந்தக் காலத்தில் டியூஷன் சொல்லிக்கொடுத்தே மாதம் ஒரு சவரன் பார்த்தேன்” என்று நான் சொன்னால், கேட்கிற இளவட்டங்கள் வாயைப் பிளக்கிறார்கள். பிளக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

பாகப்பிரிவினையில் வீடு விற்றது. சகோதரர்கள் பலர், சுவர்கள் சில, பங்கு கரைந்துவிட்டது. வாங்கியவர் கூரையைப் பிரித்து, தேக்கை மெருகேற்றி, தூணுக்குப் பாலிஷ் போட்டு, ‘பாரம்பரியத் தங்குமிடம்’ ஆக்கிவிட்டார். நான் வினைச்சொற்களை மாற்றி மாற்றி ஓதிய திண்ணையில் இப்போது பெங்களூர் ஐடி பிள்ளைகள் மெத்தை போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளறைக்கு ஓர் இரவுக்கு 6,000 ரூபாய். 1985-ல் அந்தத் தொகைக்கு ஒரு பிள்ளை பன்னிரண்டரை வருஷம் பிரெஞ்சு படித்திருக்கலாம், எவ்வளவு மந்தமான பிள்ளையாக இருந்தாலும் அதற்குள் வந்துவிடும். தமிழர் பகுதியிலும் ஒயிட் டவுனிலும் திண்ணைக்கு இந்த விலை வந்த பிறகு, பாடம் சொல்கிறவர்கள் ரெயின்போ நகர், இலாசுப்பேட்டை என்று ஒதுங்கிவிட்டார்கள். ஊரின் பிரெஞ்சு அழகைப் பார்க்க வருகிற கூட்டம், பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற ஆட்களை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டது.

என் மகளின் சென்டர் ரெயின்போ நகரில் முதல் மாடி. வாடகை 20,000. பத்து மாத அட்வான்ஸ் 2 லட்சம். வீட்டுக்கு ஒரு மின்கட்டணம், வியாபார இடத்துக்கு வேறொரு கட்டணம் என்பதை அங்கே போன பிறகுதான் எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டது. ஏசி இல்லாமல் சென்டர் நடத்தலாமே என்று கேட்டேன். “திண்ணையில காத்து வரும்பா, மாடியில வெயில்தான் வரும்” என்றாள். அதோடு, ஏசி இல்லாத இடத்தில் பிரெஞ்சு நன்றாக வராது என்று பெற்றோர் நம்புகிறார்கள். பிரான்சில் குளிர் என்பதால் இருக்கலாம்.

பீஸ் கேட்கிற கூச்சம் அவளிடம் கிடையாது. கேட்க வேண்டியதே இல்லை, போன் கேட்கிறது. மாதம் முதல் தேதி காலை ஏழு மணிக்கு எல்லாப் பெற்றோருக்கும் செய்தி போகிறது, கீழே கியூஆர் கோடு. ஐந்தாம் தேதி நினைவூட்டல், பத்தாம் தேதி சிவப்பு எழுத்து. கறிவேப்பிலை கேட்டு யாரும் போவதில்லை.

சேர்க்க வருகிறவர்கள் பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்விகள் வேறு. ஒருநாள் நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்தார். மகனுக்குச் சேர்க்க வேண்டும்.

“ஜிஎஸ்டி பில் குடுப்பீங்களா மேடம்?”

“இல்ல சார், எங்களுக்கு வராது. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் வரும்.”

“ஓ… சின்ன இடமா?”

கோச்சிங்குக்கு 18 சதவீத வரி. அதைக் கட்டாமல் இருப்பது அவருக்கு லாபம். ஆனால் வரி கட்டுகிற அளவுக்குப் பெரிய இடமாக இல்லையே என்று வருத்தம். பீஸ் 1,500 என்றதும் அந்த வருத்தம் இரட்டிப்பானது. பக்கத்துத் தெருவில் 1,600 வாங்குகிறார்களாம், அங்கே என்ன விசேஷம் என்று எங்களிடமே கேட்டார். அந்தக் காலத்தில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். இப்போது குறைவாக இருந்தால் சந்தேகப்பட்டு எழுந்து போகிறார்கள்.

மாணவர் எண்ணிக்கையை 48-ல் நிறுத்தி வைத்திருக்கிறாள். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 50 பேருக்கு மேல் படித்தால்தான் அது கோச்சிங் சென்டர். அப்படி ஆகிவிட்டால் பதிவு செய்ய வேண்டும், 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது, ஆளுக்கு ஒரு சதுர மீட்டராவது இடம் விட வேண்டும், நடுவில் நின்றுபோகிற பிள்ளைக்கு மீதிப் பீஸைப் பத்து நாளில் திருப்ப வேண்டும். மாநிலங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது ஒருபக்கம் இருக்க, 48 என்பது மகளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிற எண். என் திண்ணையில் சதுர மீட்டர் கணக்குப் பார்த்திருந்தால் பாதிப் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்கும். பரீட்சைக் காலத்தில் நின்றும் இருக்கின்றன.

இந்த 48-ல் பாதி பள்ளிப் பிள்ளைகள். மீதி பெரியவர்கள், கனடா பேட்ச். கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளி உண்டு, 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகளும் நடக்கின்றன. ஆகவே பகலெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்து “என் பெயர்…, எனக்கு முப்பத்து இரண்டு வயது” என்று பிரெஞ்சில் சொல்கிறார்கள். பிரெஞ்சுத் தேர்வுகளில் டெல்ஃப் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி, கனடாவுக்குக் கேட்கிற டெஃப் முடிவுக்கோ இரண்டே வருஷம். மொழி வாத்தியார் என்ற முறையில் எனக்கு டெல்ஃப்மேல்தான் மரியாதை. தொழில் நடத்துகிறவளின் அப்பா என்ற முறையில், காலாவதியாகிற டெஃப்பைத்தான் கும்பிடுவேன். பிரான்சும் தன் பங்குக்கு உதவியது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே குடியுரிமை கேட்கிறவர்களுக்குப் பிரெஞ்சில் பழைய பி1 நிலை போதாது, பி2 வேண்டும். என் காலத்தில் சொல்தா வீட்டில் பிறந்தால் போதும், குடியுரிமை பிறப்போடு வரும். இப்போது படிப்போடு வரவேண்டும். ஒரு படி ஏற்றினால் எங்களுக்கு ஆறு மாத பீஸ்.

போனில் இலவசமாகவே பிரெஞ்சு கற்றுத் தருகிற செயலிகள் வந்த பிறகு தொழில் படுத்துவிடும் என்று பயந்தேன். படுக்கவில்லை. ஒரு தாயார் விளக்கினார்: “போன்ல எல்லாம் இருக்கு சார். ஆனா இவனை உட்கார வைக்க ஆள் இல்லையே.” அப்போதுதான் புரிந்தது. திண்ணையிலும் சரி, ஏசி அறையிலும் சரி, பெற்றோர் காசு கொடுப்பது பிரெஞ்சுக்கு இல்லை. ஒரு மணி நேரம் பிள்ளை வேறு எங்கும் போகாமல் ஓரிடத்தில் உட்காருவதற்குத்தான். பிரெஞ்சு கொசுறு.

2025 ஏப்ரலில் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டிய வாரம், எனக்குள் இருந்த பழைய சவரன்காரன் விழித்துக்கொண்டான். 48 பேர், தலைக்கு 1,500, மொத்தம் 72,000. “பார்த்தாயா, நீயும் மாதம் ஒரு சவரன்தான் சம்பாதிக்கிறாய். நாற்பது வருஷம் ஆகியும் பிரெஞ்சின் விலை இறங்கவில்லை” என்றேன். மகள் ஒன்றும் பேசாமல் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். வாடகை 20,000. பகுதிநேர ஆசிரியர்கள் இருவருக்கு 20,000. வரவேற்பு மேஜைக்கு 6,000. மின்சாரம் 5,000. இணையம், செயலி, போன் 2,500. விளம்பரம் 3,000. ஜெராக்ஸ், தண்ணீர் கேன், பெருக்கித் துடைக்க 2,500. ஆக 59,000. மிச்சம் 13,000. தங்கத்தில் ஒன்றரை கிராம்.

“ஒரு சவரன் எங்கே, ஒன்றரை கிராம் எங்கே! செலவே இல்லாமல் நடத்தினேனே நான்” என்று சொன்னதுதான் தாமதம், அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்து 1985 என்று தலைப்பிட்டாள். கேள்விகள் ஆரம்பித்தன. அந்தத் திண்ணையை வெளியாளுக்கு விட்டிருந்தால் என்ன வாடகை வந்திருக்கும்? சரி, 400. ஆறு மணிக்கு மேல் எரிந்த விளக்கும் விசிறியும் எந்த மீட்டரில்? வீட்டு மீட்டரில். போடு 60. வந்த பிள்ளைகளுக்கெல்லாம் காப்பி கொடுத்தீர்களாமே, பால், சர்க்கரை, தூள்? 200. வராமலே போன பாக்கி? சராசரியாக 220. பிறகு அம்மா. பாய் விரித்து, பெருக்கி, காப்பி போட்டு, யார் வந்தான் யார் வரவில்லை என்று பார்த்து, கறிவேப்பிலைக்குப் போய் வசூலும் செய்தவள். அதற்கு 400. மொத்தம் 1,280. மிச்சம் 320 ரூபாய். அன்றைய விலையில் தங்கம் ஒன்றரை கிராம்.

விடையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு கணக்கைப் பிறகு போட்டிருக்கிறாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் எந்த வரியை எடுத்து இது தப்பு என்று சொல்வது? செலவு இல்லாத தொழில் என்று நான் நாற்பது வருஷம் பெருமை பேசியதற்குப் பொருள், பில் வேறொருவர் பெயரில் போனது என்பதுதான். திண்ணை அப்பா கொடுத்தது, விளக்கு வீடு கொடுத்தது, மீதியை அடுப்படி கொடுத்தது. இப்போது அதே செலவுகள் பெயர், விலாசம், ரசீது எண்ணோடு வருகின்றன. அவ்வளவுதான்.

இதையெல்லாம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த 6,000 சம்பளம் யாருக்கு என்று நான் சொல்லவில்லை அல்லவா? என் மனைவிக்குத்தான். சென்டரில் சம்பளம் தேதி தவறாமல் போய்ச் சேருகிற ஒரே ஊழியர். அட்வான்ஸ் 2 லட்சத்துக்கு அடகுக் கடைக்குப் போனதும் அவளுடைய வளையல்கள்தான். என் பழைய சவரன்களில் தப்பிப் பிழைத்தவை.

“நாலு வேலைக்கு நானூறா?” என்றாள்.

“அந்தக் காலத்து நானூறு அம்மா. கிட்டத்தட்ட ரெண்டு கிராம்” என்று மகள் சமாதானம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

“மாசம் ரெண்டு கிராம்னா நாலு மாசத்துக்கு ஒரு சவரன். எத்தனை வருஷம்னு நீங்களே சொல்லுங்க” என்று என் பக்கம் திரும்பினாள். நான் பிரெஞ்சு வாத்தியார், கணக்கு எதிர்வீட்டுக்காரர் பாடம் என்றேன். எடுபடவில்லை.

ஜூன் மாதத்துக்குப் பீஸ் ஏற்ற வேண்டும். மகள் எக்செல்லில் பணவீக்கம், வாடகை உயர்வு, மின்கட்டணம் எல்லாவற்றையும் போட்டு இரண்டு நாள் உருட்டியும் எண் பிடிபடவில்லை. என் மனைவி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “பக்கத்துத் தெருவுல 1,600. நாம 1,650.” அதுவே முடிவாயிற்று. கூடுதலாக வருகிற 7,200 ரூபாயைத் தன் பழைய பாக்கியில் வரவு வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்றைய விலையில் அது ஒரு கிராம்கூட ஆகாது, வட்டிக்கே பத்தாது என்று மாதா மாதம் முதல் தேதி காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு செய்தி வருகிறது. பத்தாம் தேதி சிவப்பு எழுத்தில்.